மோதிரம் கழற்றாத கை

போன வாரம் பெரியக்கா கோபத்தில் செய்த காரியத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்காகவும், இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் முதன்முதலாக எட்டிப் பார்ப்பவர்களுக்காகவும் நாலு வரி சொல்லிவிடலாம்.

நகைப்பட்டறையில் வளர்ந்து, தங்கத்தை விட்டுவிட்டு, நாம் தினம் கையில் எடுக்கிற சாமான்களுக்கு வடிவம் கொடுக்கப் போனவள் பெரியக்கா. தம்பி தங்கைகள் கூப்பிட்ட பெயர் கல்லூரி வரைக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது டிசைன் கல்லூரியில் பாடம் சொல்லித் தருகிறாள். பிடிமானம் குறைந்த கைகளுக்காக, வெந்நீர் போடுகிற கெட்டில் ஒன்றுக்கு இரண்டு வருஷம் பாடுபட்டுக் கைப்பிடி செய்தாள். அதை வெளியில் காட்டுவதற்குள், ஒரு கம்பெனியின் விளம்பரப் பலகையில் அதே கைப்பிடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

அந்தக் கம்பெனிக்கு விடுமுறையில் பயிற்சிக்குப் போய் வந்தவள் பெரியக்காவின் மாணவி ஒருத்தி. முதல் வருஷத்தில் அழகான சீப்பு ஒன்று செய்ததால் கல்லூரி முழுக்க அவளுக்குச் சீப்புக்காரி என்று பெயர். வேறு யோசனையே இல்லாமல், திருடியது இவள்தான் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள் பெரியக்கா.

இன்றைக்கு மத்தியானம் விசாரணை. சீப்புக்காரி கல்லூரியில் இருப்பதா போவதா என்பது இன்றைக்கு முடிவாகிவிடும்.

காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாகப் பெரியக்கா போய் நின்றாள். அந்தக் கெட்டில் அன்றுதான் கடைகளுக்கு வந்திருந்தது. விசாரணை மேஜையில் சாட்சியாக ஒன்று இருக்கட்டும் என்று வாங்க வந்திருந்தாள். விற்கிற பெண் அட்டைப்பெட்டியைப் பிரித்து, தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும், என்னென்ன நிறத்தில் கிடைக்கும் என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். பெரியக்காவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கெட்டிலைத் தூக்கி, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடுவது அவளுடைய பட்டறைப் பழக்கம். கல்லூரியிலும் முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு ஆளுக்கு ஒரு கரண்டியைக் கொடுப்பாள். வகுப்பு முடியும்வரை அதைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். கண் அவசரக் குடுக்கை, கைதான் பொறுமையாக விசாரிக்கும் என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவள் போன வாரம் ஒரு விளம்பரப் படத்தைப் பார்த்த கோபத்தில் ஒரு பெண்ணின் படிப்பில் கை வைத்துவிட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

கட்டைவிரலுக்கான குழியில் அவள் விரல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த விரல் நேராக நிற்கவில்லை. வெளிப்பக்கமாகச் சரிந்தது.

பெரியக்கா கண்ணைத் திறந்தாள். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு பெட்டியைப் பிரிக்கச் சொன்னாள். அதிலும் குழி அதே பக்கம்தான் சரிந்திருந்தது. விற்கிற பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்றாவதையும் பிரித்தாள். அதுவும் அப்படித்தான்.

கல்லூரியில் அவள் வைத்திருந்த மாதிரியில் குழி நேராக இருக்கும். ஊரில் எல்லோருக்கும் கட்டைவிரல் நேர் என்பதால் அவளே உட்கார்ந்து அரத்தால் ராவி நேராக்கியிருந்தாள். சீப்புக்காரி பார்த்தது, தொட்டது எல்லாம் அந்த நேரான மாதிரியைத்தான். சரிந்த குழி இந்த உலகத்தில் ஒரே ஒரு கைக்குத்தான் பொருந்தும். பல வருஷத்துக்கு முன்னால், பெரியக்கா தனியாகத் தொழில் செய்ய ஒரு அறையை வாடகைக்குப் பிடித்த அன்றைக்கு, ஷட்டரை இழுத்து இறக்கும்போது கட்டைவிரலை நசுக்கிக்கொண்ட ஒருவரின் கை அது. அவள் வீட்டுக்காரர் கை.

அவள் செய்த சாமான்கள் எல்லாவற்றுக்கும் முதல் கை அவருடையதுதான். பட்டறையில் இருந்த காலத்தில், விரல் மரத்துப்போன ஒரு வாடிக்கையாளர் அவள் செய்த சங்கிலியின் கொக்கியை மாட்ட முடியாமல் முயன்று முயன்று, கடைசியில் சங்கிலியையே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் புதிதாக ஒரு கொக்கி செய்ய உட்கார்ந்தவள்தான். கொக்கியில் தொடங்கிய யோசனை பாட்டில் மூடி, கதவுத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, கத்தரிக்கோல் என்று அவளைப் பட்டறையிலிருந்தே வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. படம் வரைந்து வேலையைத் தொடங்குகிற ஆள் இல்லை அவள். மோதிரம் வார்க்கிறவர்கள் முதலில் மெழுகில் செய்து பார்ப்பார்கள் அல்லவா, அந்தப் புத்திதான். மெழுகை இளஞ்சூட்டில் பிசைந்து, வீட்டுக்காரர் கையில் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வாள். ஆறினதும் எடுத்துக்கொண்டு போய் ராவ ஆரம்பிப்பாள்.

அப்படி எடுத்த கெட்டில் மெழுகு வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைத்தான் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தபடி, கெட்டில் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள் பெரியக்கா. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகிவிட்டதே என்று சீப்புக்காரியின் முகம் வழியெல்லாம் வந்து வந்து நின்றது.

வீட்டில் அலமாரி பூட்டியபடி இருந்தது. சாவி அவள் பையில். திறந்து பார்த்தால், துணியில் சுற்றிய மெழுகு வைத்தது வைத்தபடியே இருந்தது.

அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். இதன் மேல் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்திருந்தால் மெழுகின் மினுமினுப்பு செத்துப்போயிருக்கும். நகை வேலை செய்தவளிடம் அதை மறைக்க முடியாது. மெழுகு பளிச்சென்று இருந்தது. யாரும் இதைத் தொடவில்லை.

பிறகு எப்படி?

ஒரு கையில் மெழுகையும் ஒரு கையில் கெட்டிலையும் பிடித்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள். கட்டைவிரல் குழி இரண்டிலும் ஒன்றுபோல இருந்தது. மற்ற விரல்களின் பள்ளங்களும் ஒத்துப்போயின. ஆனால் மோதிர விரலின் அடி படுகிற இடத்தில், கெட்டிலில் மட்டும் ஒரு வரி தட்டுப்பட்டது. மெலிசான பள்ளம். விரலை அதன் மேல் மெதுவாக ஓட்டினாள். பள்ளத்துக்குள் சரிவாகச் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன, இரண்டு கம்பிகளை முறுக்கினால் தெரிகிற மேடுகள்.

கம்பெனிக்காரர்கள் அதை ஏதோ வழுக்காமல் இருக்கச் செய்த வேலைப்பாடு என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அது என்ன என்று பெரியக்காவின் விரலுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அவளே கம்பி இழுத்து, முறுக்கி, வளைத்து, அவர் விரலில் போட்ட மோதிரத்தின் தடம் அது.

மெழுகு எடுக்கிறபோது கையில் நகை இருக்கக் கூடாது. பட்டறையில் அது பால பாடம். மெழுகைப் பிசைவதற்கு முன்னால், அவர் விரலிலிருந்து அவளே மோதிரத்தைக் கழற்றிவிடுவாள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவர்கள் பக்கம் நீட்டிவிட்டு வேலையில் குனிந்துவிடுவாள்.

இந்தக் கெட்டிலுக்கு மோதிரத்தோடு மெழுகு எடுத்திருக்கிறார்கள். அவர் எங்கோ உட்கார்ந்து, விரலை மடக்கி, ஆறும்வரை அசையாமல் காத்திருந்து கொடுத்திருக்கிறார். தெரியாமல் நடக்கிற காரியம் இல்லை இது.

அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஏமாந்தவர்களுக்கு முதலில் வருவது வெட்கம்தான், மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டுக்காரர் பின்கட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பஸ் கம்பெனி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு இருந்த வேலைகள் இரண்டு. ஒன்று செடி. இன்னொன்று, மகளைக் காலையில் ஸ்கூட்டரில் வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும். மகள் வேலை பார்ப்பது எங்கே என்று கேட்கிறீர்களா? அதே கெட்டில் கம்பெனியின் விற்பனைப் பிரிவில். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

போன வாரம் பெரியக்காவுக்குச் சீப்புக்காரியின் மேல் உடனே சந்தேகம் வந்தது. அதே கம்பெனியில் தினம் போய் உட்காருகிற சொந்த மகளின் மேல் வரவில்லை. பெற்றவர்களுக்குக் கண் அப்படித்தான் வேலை செய்கிறது.

அவள் கெட்டிலை அவர் முன்னால் நீட்டினாள்.

"இதைப் புடிங்க."

அவர் வாளியைக் கீழே வைத்தார். கெட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிடிக்கவில்லை.

"புடிங்கன்னு சொன்னேன்."

பிடித்தார். நசுங்கின கட்டைவிரல் குழியில் படுத்துக்கொண்டது. மோதிரம் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல என்று சொல்வார்கள். இது அளவெடுத்தே செய்தது.

"எப்போ குடுத்தீங்க?"

அவர் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு கேட்டா," என்றார். "புது வேலை, ஏதாவது பண்ணிக் காட்டணும்னு சொன்னா. மாட்டேன்னு சொல்ல வாய் வரலை."

"அவளே மெழுகு புடிச்சாளா?"

"அவதான்."

"மோதிரத்தைக் கழட்டல."

"அவளுக்கு எங்க தெரியும்? நீ எப்பவாவது அவளைப் பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்திருக்கியா?"

அந்தக் கேள்வி பெரியக்காவை அடித்துப் போட்டுவிட்டது. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணைக் கட்டி வித்தை சொல்லிக் கொடுத்தவள், தன் பிள்ளையின் கையில் ஒரு அரத்தைக்கூடக் கொடுத்ததில்லை. உண்மைதான். அவரைத் திட்ட வந்தவள் தன்னையே திட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் குரல் இறங்கியது. விசாரணையில் எதுவும் பேசாமல் இருந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். ஆதாரம் இல்லை என்று அதுவே தானாக ஆறிப்போகும், அந்தப் பெண்ணுக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும், நம் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்றார். பேசும்போது அவர் ஒருதரம்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, மேய்ந்தது கன்றுக்குட்டிதான், சும்மா விடு என்கிறார். கன்றுக்குட்டிக்காகச் சீப்புக்காரியைக் கட்டிப்போட வேண்டுமாம்.

"மோதிரத்தைக் கழட்டுங்க," என்றாள் பெரியக்கா.

விரல் தடித்திருந்ததால் மோதிரம் வரமாட்டேன் என்றது. சோப்பு நீர் விட்டு அவளே சுழற்றிக் கழற்றினாள். இத்தனை வருஷமாக மெழுகுக்காகக் கழற்றிய மோதிரம், இப்போது கழற்றியது வேறு காரியத்துக்கு. அவர் கையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை அறையில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் முதல்வரும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கத்து நாற்காலியில் சீப்புக்காரி. அழுது முடித்துவிட்டு வந்த முகம் அவளுக்கு. பெரியக்கா உள்ளே நுழைந்தபோது வழக்கப்படி எழுந்து நின்றாள், பிறகு எதற்கு எழுந்தோம் என்று நினைத்தவள்போல உட்கார்ந்துவிட்டாள்.

முதல்வர் குற்றச்சாட்டை வாசிக்கத் தொடங்கினார். பெரியக்கா நிறுத்தச் சொன்னாள். கல்லூரி மாதிரியையும், வீட்டு மெழுகையும், கடையில் வாங்கிய கெட்டிலையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். கட்டைவிரல் குழி மாதிரியில் நேராக இருக்கிறது, மற்ற இரண்டிலும் சரிந்திருக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கினாள். கடைசியில் மோதிரத்தை எடுத்து, கெட்டிலின் பள்ளத்தில் வைத்தாள். முறுக்குக்கு முறுக்கு பொருந்தியது.

"இந்தப் பொண்ணு பாத்தது நேரா இருக்கிற மாதிரியை மட்டும்தான். என் வீட்டு மெழுகு இவ கண்ணுலகூடப் பட்டதில்ல. நான் எழுதிக் குடுத்தது தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் எடுத்தது யார் என்று கேட்டார். கல்லூரிச் சொத்து சம்பந்தப்பட்ட விஷயம், பெயர் தெரியாமல் புகாரை மூட முடியாது, பாதி பழி இந்தப் பெண்ணின் மேலேயே நிற்கும் என்றார்.

வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டது பெரியக்காவின் காதில் ஓடியது. சும்மா இருந்தால் மகள் தப்பிப்பாள். எதிரில் உட்கார்ந்திருக்கிறவள் ஆயுசுக்கும் திருடிப் பட்டத்தைச் சுமப்பாள். பெரியக்கா சொன்னாள்.

"கை என் வீட்டுக்காரரோடது. மெழுகு புடிச்சது என் மக. அந்தக் கம்பெனியிலதான் வேலை பாக்குறா."

முதல்வர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, கம்பெனியின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சீப்புக்காரி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"முதல் கிளாஸ்ல எங்க கண்ணைக் கட்டுனீங்க மேடம். தொட்டுப் பாக்காம எதைப் பத்தியும் வாயத் திறக்காதீங்கன்னு சொன்னீங்க. நான் அதை நம்பினேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள் பெரியக்கா. அந்தப் பெண் அதற்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வருஷம் வேறு ஆசிரியரிடம் மாற்றிக் கொடுக்கும்படி முதல்வரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் செய்தது நியாயம்தான், ஆனாலும் பெரியக்காவுக்கு வலித்தது.

சாயங்காலம் கல்லூரி வாசலில் மகள் நின்றிருந்தாள். ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். கழுத்தில் தொங்க வேண்டிய கம்பெனி அட்டையைக் காணோம்.

"வாங்கிட்டாங்க," என்றாள். "விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் வரவேணாமாம். உங்க அம்மாவே சொல்லிட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நீயா சொன்னே?"

பெரியக்கா காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். என் இரண்டு வருஷ உழைப்பு என்றாள். கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே என்றாள். ஒரு அப்பாவிப் பெண் நடுத்தெருவுக்கு வர இருந்தாளே என்றாள். மகள் முகத்தில் பயமோ குற்ற உணர்வோ இல்லை, புரியாமை மட்டும்தான் இருந்தது. அது பெரியக்காவை இன்னும் சீண்டியது.

"நடிக்காதே. உங்கப்பாவே ஒத்துக்கிட்டார். நீ கேட்டே, நீ புடிச்சேன்னு சொன்னார்."

"அப்பா அப்படியா சொன்னார்?"

"மோதிரத்தைக் கழட்டாமப் புடிச்சிருக்கே. இதோ பார் தடம்." கெட்டிலையும் மோதிரத்தையும் சேர்த்து நீட்டினாள்.

மகள் கெட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மோதிரத்தை மட்டும் அம்மாவின் உள்ளங்கையிலிருந்து எடுத்தாள். எடுத்து, யோசிக்காமல், தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். அது அங்கே சரியாக நின்றது.

"நீ மெழுகு எடுக்கும்போதெல்லாம் அப்பா மோதிரத்தைக் கழட்டி யார் கையில குடுப்பேன்னு ஞாபகம் இருக்கா?"

பெரியக்காவுக்கு ஞாபகம் இல்லை. நீட்டுவாள், யாரோ வாங்கிக்கொள்வார்கள். வேலையில் குனிந்தவள் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"நான்தான்மா. சின்னப் புள்ளையிலேர்ந்து. விரல்ல நிக்காதுன்னு கட்டைவிரல்ல போட்டுக்கிட்டு, மெழுகு ஆறுற வரைக்கும் ஆடாம உக்காந்திருப்பேன். எனக்கு நீ வேற எதுவும் சொல்லிக் குடுத்ததில்ல. தெரிஞ்சது அது ஒண்ணுதான். மோதிரத்தைக் கழட்டணும்னு மறந்துபோறவங்க இந்த வீட்டுல யாரு தெரியுமா? அதைத் தானே கழட்டிப் பழக்கமே இல்லாதவங்க."

பெரியக்கா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையிலும் சாயங்காலமும் அந்தக் கம்பெனி வாசலுக்கு ஸ்கூட்டரில் போய் வந்தவர் யார் என்பதும், கையை நீட்டியே பழகிய ஒருவர் தனியாக உட்கார்ந்து மெழுகைப் பிசைந்தால் எதை மறப்பார் என்பதும் இப்போதுதான் உறைத்தன. தானே செய்து கொடுத்துவிட்டு, பெற்ற மகளைக் காட்டினால் மனைவி வாயைத் திறக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்குத் தப்பியதற்கு விலை கொடுத்தவள் எதிரில் நிற்கிறாள்.

ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக அவள் தொட்டுப் பார்க்காமல் ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லியிருக்கிறாள்.

எதற்காக அப்படிச் செய்தார் என்று அவரிடமே கேட்க வீட்டுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மகள் மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று கேட்கிற உரிமை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று பெரியக்காவுக்குத் தெரியவில்லை.